உடைந்த பாட்டிலுக்குக் காவல் நின்றவள்

திருடினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும் போகும். போடாவிட்டால் சாயங்காலம் போலீஸ் வரும். ஆதர்ஷ், பில்லிங் பெண் பெர்லினுக்கு முன்னால் வைத்த பேரம் அவ்வளவுதான். அவள் பேனாவை எடுத்தாள். எடுத்து, மூடியைப் போட்டு, மேஜையில் அவன் பக்கமாகவே தள்ளிவிட்டாள்.

"நான் எடுக்கல சார். எடுக்காததுக்குக் கையெழுத்து நக்கோ."

நக்கோ என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் வேண்டாம், முடியாது. எனக்கு விசிலடிக்கலாம் போல இருந்தது. ஆனால் என் முதலாளி கல்பகம் மேடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதோடு எங்களை இந்தக் கேஸுக்கு வரவழைத்தவனே ஆதர்ஷ்தான். சோறு போடுகிறவன் எதிரிலேயே எதிராளிக்கு விசிலடிக்கக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கும் நாகரிகம் தெரியும்.

இடம் செகந்திராபாத் பக்கம் ஹப்சிகுடா, நிண்டு மார்ட் என்ற சூப்பர்மார்க்கெட்டின் மாடி. கீழே கடை, மேலே ஆபீஸும் ஊழியர்கள் அறையும். ஊர் முழுக்க இவர்களுக்குக் கிளை உண்டு. கச்சிபௌலியில் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி பலகை மாட்டினால், அந்தப் பலகையின் பெயின்ட் காய்வதற்குள் எதிரே ஒரு நிண்டு மார்ட் திறந்துவிடுவார்கள். நிண்டு என்றால் தெலுங்கில் நிறைவு. ரேக்குகள் நிறைவாகத்தான் இருந்தன. அங்கே வேலை செய்கிறவர்கள் முகத்தில் அது இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மேடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் விஜிலன்ஸ் பிரிவில் இருந்தவர். கேட்கக் கூடாத பெரிய மனிதரிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டு, வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வெளியே வந்து, தார்நாகாவில் துப்பறியும் நிலையம் திறந்தார். நிலையம் என்றால் ஒரு மேஜை, ஒரு போன், நான். நான் ஜோசியா. கால் சென்டரில் அமெரிக்காக்காரர்களிடம் 'திஸ் இஸ் ஜோஷ்' என்று பொய் சொன்னது போதும் என்று, பொய் சொல்கிறவர்களைப் பிடிக்கும் வேலைக்கு வந்துவிட்டவன். சம்பளம் பாதி, சந்தோஷம் டபுள்.

ஆதர்ஷ், நிண்டு மார்ட்டின் எச்.ஆர். மேனேஜர். எந்தக் கிளையில் யாரை வைப்பது, யாரைத் தூக்குவது எல்லாம் அவன் கையில். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை. நடந்ததை அவன் எங்களுக்கு விளக்கினான். முந்தின நாள் சாயங்காலம், கடையில் கூட்டம் நெரியும் நேரம். பெர்லின் பில்லிங் கவுண்டரில் இருந்தாள். வரிசையில் நின்ற வசந்தி என்கிற வாடிக்கையாளர் அம்மா, 'இந்தப் பொண்ணு குங்குமப்பூ டப்பியை எடுத்து ஒளிச்சதை என் கண்ணால பார்த்தேன்' என்று எல்லாரும் கேட்கச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கிளையைப் பார்வையிட ஆதர்ஷ் வந்திருந்தான். உடனே அவளைக் கவுண்டரை விட்டு வெளியே வரச் சொல்லி, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே திருடி என்று சொல்லி, மாடிக்கு அழைத்துப் போய்ப் பையைச் சோதித்தால், உள்ளே டப்பி.

"சாட்சி இருக்கு, சாமானும் கிடைச்சுடுத்து. அப்புறம் நாங்க எதுக்கு?" என்று மேடம் கேட்டார்.

வெளியாள் ஒருவர் விசாரித்து ரிப்போர்ட் கொடுத்துவிட்டால் நாளைக்கு லேபர் ஆபீசில் யாரும் வாயைத் திறக்க முடியாது என்றான் ஆதர்ஷ். வசந்தியம்மாவின் அல்வால் விலாசம் தருகிறேன், போய்ப் பேசி, அவர் பார்த்தது உண்மைதான் என்று உறுதி செய்து கொடுங்கள், சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்றான். அவன் சொன்ன தோரணையில், நாங்கள் போய்ப் பார்ப்பதுகூட அநாவசியம், ரப்பர் ஸ்டாம்ப்பை மட்டும் கொடுத்தனுப்பினால் போதும் என்று இருந்தது.

பெர்லினோடு தனியாகப் பேச வேண்டும் என்றார் மேடம். ஊழியர்கள் அறைக்குப் போனோம். அறை என்பது மரியாதைக்குச் சொன்னது. மொட்டைமாடிப் படிக்கட்டுக்கு அடியில் மிச்சமிருந்த இடத்தில் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். ஆணிகளில் பைகள் தொங்கின. எல்லாமே கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பைகள். ஒன்றில் டிபன் பாக்ஸும் சீப்பும். இன்னொன்றில் குடையும், சொல்லக் கூச்சப்பட வேண்டிய பெண்கள் சாமானும். ஊழியர்கள் இப்படிப்பட்ட பையில்தான் கொண்டுவர வேண்டும் என்பது கம்பெனிச் சட்டமாம். யாரும் எதையும் ஒளிக்கக் கூடாது பாருங்கள்.

மேடம் அந்தப் பைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டப்பி இதுலதான் இருந்துதா?"

"ஹவ் மேடம், இதுலதான். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்துல. வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் தெரியற மாதிரி."

"நீ கெட்டிக்காரத் திருடியா இருக்கியேம்மா" என்றேன் நான். மேடம் முறைத்தார். பெர்லின் மட்டும் லேசாகச் சிரித்தாள். செகந்திராபாத்தில் எங்கள் சர்ச் காம்பவுண்டுப் பக்கத்துப் பெண்தான் அவள். நேற்று ராத்திரியே விஷயம் அங்கே போய்விட்டது. அவள் அம்மா கதவைத் திறக்காமல் உள்ளேயே இருக்கிறாராம். இந்த ஊர்க் கடைக்காரர்கள், மால்காரர்கள் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் போனில் விசாரித்துக்கொள்கிறவர்கள். திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் இனி எந்தக் கவுண்டரிலும் அவளை ஏற்ற மாட்டார்கள்.

மேடம் அவளிடம் குங்குமப்பூவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்னை இவர்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்றுதான் கேட்டார்.

அதற்கு அவள் சொன்ன பதில் ஒரு ஸ்டூல். கவுண்டர் பெண்கள் காலையில் நின்றால் ராத்திரி வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சோம்பேறித்தனமாகத் தெரியுமாம். ஒரு பெண்ணுக்குக் கால் நரம்பு புடைத்துக்கொண்டு பச்சையாகக் கிடக்கிறது. இன்னொருத்தி ஏழாம் மாதக் கர்ப்பத்தோடு நின்றாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் பெர்லின் தன் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். கிளை மேனேஜர் ரகுநாதன் அதை எடுத்துத் தெருவில் போட்டார். மறுநாள் இவள் வேறொன்று கொண்டுவந்தாள். போன வாரம் கம்பெனியின் பெரிய முதலாளி வந்தபோது, எல்லாரும் வணக்கம் சொல்லி நிற்க, இவள் மட்டும் 'உட்கார ஒரு ஸ்டூல் குடுங்க சார்' என்று நேரே கேட்டுவிட்டாள். பெரியவர் சிரித்துக்கொண்டே ஆதர்ஷைப் பார்த்தாராம்.

"நிக்கறதுன்னா சாதாரண நிக்கறது இல்ல மேடம்" என்று அவள் பொரிந்து தள்ளினாள். "தரையில எண்ணெய் கொட்டினாக்கூட, துடைக்க ஆள் வர்ற வரைக்கும் அதுக்குக் காவல் நிக்கணும். போன வருஷம் ஒரு அம்மா வழுக்கி விழுந்து கம்பெனி மேல கேஸ் போட்டாங்க. அதுலேர்ந்து எல்லாக் கிளையிலும் ட்ரெயினிங். ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, கஸ்டமரைத் தள்ளிப் போகச் சொல்லிக்கிட்டே நிக்கணும். தூக்கத்துலகூட நான் அப்படி நிக்கறேன்னு அம்மா சொல்றாங்க."

கீழே இறங்கி வரும்போது ரேக்குகளுக்கு நடுவே நடந்தோம். பையன்கள் காலி இடம் தெரியாதபடி பின்னால் இருக்கும் டின்களை முன்னால் இழுத்து, லேபிள் எல்லாம் வாடிக்கையாளரைப் பார்க்கும்படி திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒரு டின்னை எடுத்துப் பார்த்துவிட்டுக் கோணலாக வைத்துப் போனால், பின்னாலேயே ஒரு கை வந்து அதை நேராக்கும். சோப்புக்கும் டால்டாவுக்கும் தினமும் குடியரசு தின அணிவகுப்பு நடத்துகிறார்கள் என்றேன். வாயை மூடிண்டு வா என்றார் மேடம்.

மேடத்தின் பழைய கைனெடிக் ஹோண்டாவில் அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போவது வழக்கம். மெட்டுகுடா சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஆட்டோக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் ரகுநாதன் மேல் சந்தேகப்படுவதாக மேடத்தின் முதுகிடம் சொன்னேன். ஸ்டூலைத் தூக்கி எறிந்தவர் அவர். மாடிக்கும் கடைக்கும் போக உரிமை உள்ளவர் அவர். நாங்கள் மாடியில் இருந்த நேரம் முழுக்க வாசலோரம் நின்று வேர்த்துக்கொண்டே இருந்தவரும் அவர்தான். டப்பியை வேறு யார் வைத்திருக்க முடியும்?

"வேர்க்கறவாளையெல்லாம் பிடிச்சா இந்த ஊர்ல ஜெயில் பத்தாது" என்றார் மேடம். "முதல்ல அந்தச் சாட்சியைப் பார்க்கலாம்."

அல்வாலில் வசந்தியின் வீடு ஒரு காலனிச் சந்தில் இருந்தது. கணவர் ராணுவப் பணிமனை ஒன்றில் சிவிலியன் வேலை, பகலில் வீட்டில் இல்லை. வசந்திக்கு முப்பது தாண்டியிருக்கும். புதுப் புடவை கட்டி, பூ வைத்து, எங்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர் மாதிரி இருந்தார். ஹப்சிகுடாவில் நாத்தனார் வீட்டுக்குப் போனதாகவும், வருகிற வழியில் நிண்டு மார்ட்டில் நுழைந்ததாகவும், பார்த்ததைச் சொல்லாமல் இருக்க மனசாட்சி விடவில்லை என்றும் சொன்னார். தடங்கல் இல்லாமல் சொன்னார். எங்கே மூச்சு விட வேண்டும் என்றுகூட மனப்பாடம் செய்திருந்தார். இந்தப் பேச்சைக் கேட்டபோது எனக்குக் கால் சென்டர் ஞாபகம் வந்துவிட்டது. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.

மேடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காபியைப் பாராட்டினார். பிறகு, வாயால் கேட்டால் எனக்குச் சரியாகப் புரியவில்லை, மெயின் ரோட்டில் வேறொரு சூப்பர்மார்க்கெட் பார்த்தேன், அங்கே வந்து நீங்கள் எங்கே நின்றீர்கள், அவள் எங்கே நின்றாள் என்று காட்ட முடியுமா என்று கேட்டார். வசந்தி தயங்கினார். ஐந்து நிமிஷம்தான் என்றேன் நான். மாட்டேன் என்று சொல்லக் காரணம் கிடைக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அது வேறு கம்பெனிக் கடை. சின்னது. பகல் நேரம் என்பதால் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். பில்லிங் பக்கத்தில் நின்று வசந்தி காட்ட ஆரம்பித்தார். நான் இங்கே, அந்தப் பெண் அங்கே, டப்பி இந்த மாதிரி ரேக்கில். பேச்சு சரளமாக வந்துகொண்டிருந்தது. ஆனால் அவர் கை வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ரேக்கில் யாரோ கோணலாக வைத்த நெய் டின்னை நேராக்கியது. பின்னால் இருந்ததை முன்னால் இழுத்தது. லேபிளைத் திருப்பியது. அடுத்த டின், அதற்கடுத்த டின். சொல்கிறவருக்கு அது தெரியவே இல்லை.

மேடம் என் காதருகே வந்தார்.

"ஜோசியா, பின்னால ஆவக்காய் பாட்டில் அடுக்கியிருக்கான். ஒண்ணைக் கீழ போடு."

"மேடம், இது என்கிட்ட இருக்கற ஒரே நல்ல பேன்ட்."

"போடுன்னா போடு."

போட்டேன். ஆவக்காய் பாட்டில் உடைகிற சத்தம் இருக்கிறதே, அது ஒரு கடையையே நிறுத்திவிடும். கண்ணாடியும் எண்ணெயும் மாங்காயும் தரை முழுக்கச் சிதறின. என் பேன்ட் போயே போய்விட்டது. பக்கத்திலிருந்த அம்மா குழந்தையை இழுத்துக்கொண்டு பின்னால் தாவினார். ஒரு பெரியவர் நகர்ந்து அரிசிப் பக்கம் ஒதுங்கினார். மேடமும் பின்வாங்கினார், நானும் பின்வாங்கினேன். கடைப் பையன் துடைப்பத்தைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினான்.

வசந்தி மட்டும் முன்னால் வந்தார்.

புதுப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, கண்ணாடிச் சில்லுகளுக்குப் பக்கத்தில் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்தார். "ஜாக்ரத்தா அண்டி, இடு ராகண்டி" என்று ஒவ்வொருவரையும் பார்த்துச் சொன்னார். இந்தப் பக்கம் வராதீர்கள் என்று. பையன் துடைப்பத்தோடு வருகிற வரைக்கும் அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பையன் வந்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. விரித்த கைகளை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"எந்தக் கிளைம்மா?" என்று கேட்டார் மேடம்.

வசந்தி தூக்கிச் செருகிய புடவையை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டார். முகத்தில் ரத்தம் வற்றிப் போயிருந்தது. நிண்டு மார்ட் சீருடைக் கோட்டைக் கழற்றிவிட்டுப் புடவை கட்டினால் தன்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நம்பித்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள். பெர்லின் சொன்ன அந்த ட்ரெயினிங் எல்லாக் கிளைக்கும் உண்டு என்பதை அனுப்பியவன் மறந்துவிட்டான்.

பாட்டிலுக்கு மேடம் பணம் கட்டினார். வெளியே வந்து, வசந்தி வீட்டுச் சந்து முனையில் வேப்ப மரத்தடியில் நின்றோம். அல்வால் கிளைதான் என்றார் வசந்தி. பிஸ்கட் ரேக்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

"பசிச்சுதும்மா. காலைலேர்ந்து நின்னு தலை சுத்துச்சு. உடைஞ்ச பாக்கெட்டு, குப்பைக்குத்தான் போகும். அதுலேர்ந்து ரெண்டு பிஸ்கட் எடுத்து வாயில போட்டேன். கேமராவுல பாத்துட்டு, இது திருட்டுன்னாரு. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வேன்னாரு. இதைச் செஞ்சா மறந்துடறேன்னாரு."

"ரகுநாதன்தானே?" என்றேன் நான், வெற்றி நடை போட்டுக்கொண்டு.

"ரகுநாதனா? அவரு யாருன்னே எனக்குத் தெரியாது. சொன்னது ஆதர்ஷ் சார்."

என் வெற்றி நடை அங்கேயே நின்றது. எங்களை வரவழைத்தவன். ரிப்போர்ட் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டவன். அன்றைக்குக் கிளையில் இருந்தவன், மாடிக்குப் போனவன், பையைச் சோதித்தவன், டப்பியைக் கண்டெடுத்தவன், எல்லாம் அவனேதான். ஒரு பொய்யை அவன் தயார் செய்து, அதற்கு முத்திரை குத்த எங்களைக் கூப்பிட்டிருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆவக்காய் பாட்டிலை அவன் சட்டை மேலேயே போட்டிருக்கலாம் என்று தோன்றியது. மேடத்துக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். அப்போது இறங்கியிருந்தது.

எங்களோடு வரச் சொல்லி மேடம் கேட்டார். வசந்தி மாட்டேன் என்றார். வேலை போய்விடும், வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும், தெருவில் தலை காட்ட முடியாது என்று அடுக்கினார். மேடம் வற்புறுத்தவில்லை.

"நீ வராட்டாலும் நான் போய்ச் சொல்லத்தான் போறேன்" என்றார். "ஆனா நான் சொன்னா அது ஒரு ரிப்போர்ட். அவன் அதைக் கிழிச்சுப் போட்டுடுவான். நேத்திக்கு அந்தப் பொண்ணு பேரைப் பறிச்சது உன் வாய். திருப்பித் தரவும் அதாலதான் முடியும். சாயங்காலம் போலீஸ் வருது."

வசந்தி திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் கிளம்பினோம். செகந்திராபாத் டிராஃபிக்கில் ஊர்ந்து ஹப்சிகுடா வந்து சேர்ந்தபோது நிண்டு மார்ட்டில் சாயங்காலக் கூட்டம் கட்டிவிட்டிருந்தது. தள்ளுவண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. அத்தனை கவுண்டரிலும் நீண்ட வரிசை. பெர்லினின் கவுண்டரில் மட்டும் வேறொரு பெண்ணை நிறுத்தியிருந்தார்கள்.

மாடியில் ஆதர்ஷ் எங்களை எழுந்து நின்று வரவேற்றான். ரிப்போர்ட் ரெடியா என்று கேட்டான். பெர்லின் மூலையில் நின்றுகொண்டிருந்தாள். இந்த அறையிலும் அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"ரெடி" என்றார் மேடம். "உங்களுக்குப் பிடிக்காது."

சொன்னார். டின்னை நேராக்கிய கையை, உடைந்த பாட்டிலுக்குக் காவல் நின்றதை, அல்வால் கிளையை, பிஸ்கட்டை. கடைசியில் அவன் பெயரை. ஆதர்ஷ் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டான். பிறகு சிரித்தான். அந்த அம்மா இதையெல்லாம் வந்து சொல்வாரா என்று கேட்டான். வரமாட்டார் என்பது எங்களுக்குத் தெரிந்ததைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. உங்களை மாதிரி ஆட்களுக்கு இந்த ஊரில் இனி எந்தக் கம்பெனியும் வேலை தராமல் பார்த்துக்கொள்வேன் என்று மேடத்திடம் சொன்னான்.

"அதுக்கு நீங்க க்யூவில நிக்கணும் சார்" என்றேன். "மேடத்தை ஒழிக்கறேன்னு உங்களுக்கு முன்னாலேயே நிறையப் பேர் சொல்லியிருக்காங்க."

அவன் போனை எடுத்தான். கடைசியாகக் கேட்கிறேன், கையெழுத்துப் போடுகிறாயா, போலீசைக் கூப்பிடவா என்று பெர்லினைக் கேட்டான்.

"கூப்பிடுங்க சார். எனக்கும் அவங்ககிட்டப் பேச வேண்டியது இருக்கு."

அவன் விரல் எண்களை அழுத்தப் போன நேரத்தில் கீழேயிருந்து ரகுநாதன் ஓடிவந்தார். வழக்கம் போல வேர்த்திருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, ஆதர்ஷைப் பார்த்ததும் மூடிக்கொண்டு, கையால் கீழே காட்டினார். நாங்கள் எல்லாரும் இறங்கினோம்.

பெர்லினின் கவுண்டருக்கு முன்னால் வசந்தி நின்றுகொண்டிருந்தார். புடவையும் பூவும் இல்லை. நிண்டு மார்ட்டின் பச்சைக் கோட்டை அணிந்து, பட்டன் எல்லாம் போட்டு, நெஞ்சில் பெயர்ப் பட்டையும் அல்வால் என்ற எழுத்தும் தெரிய நின்றார். வாடிக்கையாளர்களைப் பார்த்துத் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். இந்த முறை மனப்பாடம் இல்லை, பேச்சு தடுக்கித் தடுக்கி வந்தது, ஆனால் நிற்கவில்லை. நேற்று வாடிக்கையாளர் வேஷம் போட்டு வந்தது தான் என்றும், அந்தப் பெண் எதையும் எடுக்கவில்லை என்றும், இந்தக் கம்பெனியின் எச்.ஆர். சாரே சொல்லிக் கொடுத்துத் தன்னைப் பொய் சொல்ல வைத்தார் என்றும் சொன்னார். நேற்று இருந்தவர்களில் சிலர் இன்றைக்கும் இருந்திருக்க வேண்டும். 'ஆமாம், இந்த அம்மாதான்' என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது கேட்டது.

ஆதர்ஷ் வேகமாகப் போய் வசந்தியின் கையைப் பிடிக்கப் பார்த்தான். பெர்லின் நடுவே வந்து நின்றாள்.

"மேல போய்ப் பேசலாம்" என்றான் அவன் அவளிடம், தணிந்த குரலில். எல்லாம் சரி செய்துவிடலாம், திங்கட்கிழமை வேறு கிளையில் வேலைக்கு வா, நடந்ததை மறந்துவிடலாம், கஸ்டமர் முன்னால் வேண்டாம் என்றான்.

"மேல வரமாட்டேன் சார். நேத்து இங்க வச்சுத்தானே திருடின்னு சொன்னீங்க. இல்லைன்னும் இங்கயே சொல்லுங்க."

அவன் ரகுநாதனைப் பார்த்தான். ரகுநாதன் பருப்பு ரேக்கைப் பார்த்தார். பில்லிங்கைக் கவனிக்கச் சொல்லி ஆதர்ஷ் கவுண்டர் பெண்களிடம் கத்தினான். ஒரு பெண் பட்டன்களிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு நின்றவளும் கட்டிக்கொண்டாள். வரிசையாக எல்லாக் கவுண்டரிலும் டிக் டிக் என்ற சத்தம் நின்றுபோனது. இப்படியொரு அமைதியை நான் எந்தக் கடையிலும் கேட்டதில்லை. தள்ளுவண்டிகள் வாசல் வரை சேர்ந்துகொண்டே போயின.

"செப்பேயண்டி சார், ஐஸ்க்ரீம் கரிகிபோதோந்தி" என்றார் வரிசையில் நின்ற ஒரு பெரியவர். சொல்லித் தொலையுங்கள், ஐஸ்க்ரீம் உருகுகிறது என்று. சிலர் சிரித்தார்கள். யாரும் வண்டியை விட்டுவிட்டுப் போகவில்லை.

மேடம் என் பக்கத்தில் கைப்பையை அணைத்தபடி நின்றார். தனக்கு இதில் இனி வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்ததாக அவரிடம் சொல்லும் அளவுக்கு எனக்கு உயிர் மேல் ஆசை இல்லாமல் போய்விடவில்லை.

ஆதர்ஷ் தரையைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தான்.

"கேக்கல சார்" என்றாள் பெர்லின். "பின்னால நிக்கறவங்களுக்கும் கேக்கணும்."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பெர்லின் எதையும் திருடவில்லை என்று, இந்த முறை கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். சொல்லிவிட்டு மாடிப்படியைப் பார்த்து நடக்கத் திரும்பினான்.

"இருங்க சார், இன்னும் முடியல" என்று அவள் வழியை மறித்தாள். "அப்ப என் பையில டப்பியை வச்சது யாருன்னும் சொல்லிட்டுப் போங்க."

வரிசையில் ஒருவர்கூட நகரவில்லை.